பதினொரு பேரும் ஒரு விதிவிலக்கும்

அந்த வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர். பதினொரு பேருக்குத் தாய்மொழி டச்சு. பாடம் நடத்தியவருக்கும் டச்சுதான். மிச்சமிருந்த ஒரே ஆள் நான்.

முதல் நாள் பேராசிரியர் உள்ளே வந்து, மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு டச்சில் ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார், கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். "சரி, இங்கிலீஷ்லயே போயிடலாம். யாருக்காவது சிரமமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் சிரமம் என்று சொல்வார்கள்? அந்த நொடியிலிருந்து பத்து வாரத்துக்கு அது ஆங்கில அறை. முதலில் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பாடப்பட்டியலில் 'ஆங்கிலவழி' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் வெளியாள் யாரும் சேராத வருடங்களில் டச்சிலேயே நடத்திவிடுவாராம். இதைப் பின்னால் ஒரு வகுப்புத் தோழன் பேச்சுவாக்கில் சொன்னான். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

நான் படிக்கப் போனது நீரியல். கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நெதர்லாந்தில் நீரியல் படிப்பது மீனிடமே போய் நீச்சல் கற்றுக்கொள்வது மாதிரி. அந்த மீனின் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் இரண்டு வருடம் படித்துப் பட்டமும் வாங்கிவிட்டேன். விண்ணப்பம், தேர்வு, ஆய்வேடு, பட்டமளிப்பு மேடையில் கைகுலுக்கல் என்று எல்லாமே ஆங்கிலம். டச்சு தேவைப்பட்ட ஒரே இடம், குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்ற அறிவிப்புப் பலகை.

அந்த நாட்டுச் சட்டம் உண்மையில் நேர்மாறாகச் சொல்கிறது. 1992ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தின் 7.2ஆம் பிரிவின்படி கற்பித்தலும் தேர்வும் டச்சு மொழியில்தான் நடக்க வேண்டும். அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு: அந்நிய மொழியையே பாடமாகப் படிப்பது, டச்சு பேசாத ஒருவர் விருந்தினராக வந்து உரையாற்றுவது. மூன்றாவதில்தான் சூட்சுமம். படிப்பின் தன்மையோ தரமோ கோரினால், அல்லது 'மாணவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்' என்பதைப் பொறுத்துத் தேவைப்பட்டால், வேறு மொழி சரி. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டத்தின் அந்த வரியில் இருப்பது நான்தான். பதினொரு பேர் விதி, நான் விதிவிலக்கு. விதிவிலக்கு உள்ளே வந்து உட்கார்ந்ததும் விதி எழுந்து வெளியே போய்விட்டது.

இது ஏதோ ஒரு வகுப்பின் கதை என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஐரோப்பிய நாடுகளில் முழுக்க ஆங்கிலத்தில் நடத்தப்படும் பட்டப்படிப்புகளைத் தொடர்ந்து எண்ணிவந்திருக்கிறார்கள். 2001இல் 725. 2007இல் 2,389. 2014இல் 8,089. பதின்மூன்றே வருடத்தில் பதினோரு மடங்கு. அந்தக் கடைசிக் கணக்கில் எண்ணிக்கையில் முதலிடம் நெதர்லாந்துக்கு. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020இலிருந்து இளநிலைப் படிப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. ட்வெண்ட பல்கலைக்கழகம் அதே ஆண்டில் தன் அலுவல் மொழியையே ஆங்கிலமாக்கிக்கொண்டது. அதாவது கூட்டக் குறிப்பும் சுற்றறிக்கையும்கூட.

காரணங்களைத் தேடி ரொம்ப அலைய வேண்டாம். 1999இல் போலோன்யாவில் ஐரோப்பிய நாடுகள் ஒரே மாதிரியான பட்ட அமைப்புக்கு ஒப்புக்கொண்டன. மாணவர்கள் எல்லை தாண்டிப் போய்வர வழி திறந்தது. உலகத் தரவரிசைப் பட்டியல்கள் வந்தன. அவற்றில் சில, வெளிநாட்டு மாணவர் எத்தனை, வெளிநாட்டு ஆசிரியர் எத்தனை என்று எண்ணி மதிப்பெண் போடுகின்றன. ஊர்ப் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவரும் பகுதிகளில் வெளிநாட்டு மாணவர் வராவிட்டால் துறையையே மூட வேண்டிவரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் என் போன்றவர்களிடம் கட்டணமும் பல மடங்கு. ஆய்விதழ்களோ எப்போதோ ஆங்கிலத்துக்குப் போய்விட்டன. இத்தனையும் சேர்ந்து ஒரு பக்கமாக இழுக்கும்போது, கல்விச் சட்டத்தின் ஒரு பிரிவு தனியாக நின்று என்ன செய்யும்?

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் அவர் ஒழுங்கான, கொஞ்சம் அலுப்பூட்டுகிற மனிதர். ஸ்லைடில் இருப்பதைச் சொல்வார், அடுத்த ஸ்லைடுக்குப் போவார். இலக்கணப் பிழை மருந்துக்கும் கிடையாது. 'இது முக்கியம்', 'இது சுவாரசியம்' இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேய்த்துவைத்திருந்தார். அதே மனிதரை மாடிப்படிக்குப் பக்கத்தில் காபி மெஷின் அருகே டச்சில் பார்க்க வேண்டும். கை ஒரு பக்கம் பறக்கும், காபி ஒரு பக்கம் சிந்தும். வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவி, சுற்றிவந்து பழையதைப் பிடிப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்கள் எதிர்த்துப் பேசுவார்கள், அவரும் விடமாட்டார். ஒரு சொல் புரியாமல் தள்ளி நின்று பார்த்த எனக்கே தெரிந்தது, அங்கே நடந்ததுதான் வகுப்பு.

ஒருமுறை வகுப்பில் தாழ்நில வடிகாலை விளக்கிக்கொண்டிருந்தார். தாழ்நிலத்திலிருந்து இறைத்த தண்ணீர் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும் முன் தங்கிச் செல்லும் கால்வாய்த் தொகுதிக்கு டச்சில் 'பூஸம்' என்று பெயர். நேர்ப்பொருள் மார்பு. ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தவர் சட்டென்று நிறுத்தி, "ஸ்டோரேஜ் பேசின்னு வெச்சுக்குங்க" என்று தாண்டிப் போனார். பதினொரு பேர் வாய்க்குள் சிரித்தார்கள். வெளியேற வழியில்லாத தண்ணீரை ஒரு நாடே நெஞ்சில் ஏந்தி வைத்திருப்பதாகச் சொல்கிற சொல். அது எனக்கு 'பேசின்' ஆக வந்து சேர்ந்தது.

இன்னொரு நாள் பலகையில் ஒரு கரையின் குறுக்குவெட்டு வரைந்து, மேல்நோக்கி ஓர் அம்பு, கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார். நிலத்தடியிலிருந்து மேலே வரும் நீர், மேலிருந்து நிலத்துக்குள் இறங்கும் நீர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'சீபேஜ்'தான். முன்னால் அப்வர்ட், டவுன்வர்ட் என்று ஒட்டிக்கொள்ள வேண்டும். டச்சில் தனித்தனிச் சொற்கள். மேலே வருவது 'க்வெல்', கீழே போவது 'வெக்சைஹிங்'. அன்று அவர் அப்வர்ட் என்று நினைத்து டவுன்வர்ட் என்று சொல்லி, திருத்தி, மறுபடி குழம்பி, கடைசியில் அம்புக்குறியைத் தட்டிக்காட்டி "இது" என்றார். முப்பது வருடமாகத் தண்ணீரைப் படிக்கிற மனிதர். க்வெல் என்று சொல்ல விட்டிருந்தால் ஒரு நொடி தடுமாறியிருக்க மாட்டார்.

இந்தத் தடுமாற்றத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. ஸ்வீடனில் ஜான் ஏரி, செட்ரிக் லிண்டர் இருவரும் இயற்பியல் மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். அதே மாணவர்கள், சில வகுப்புகள் ஸ்வீடிஷில், சில ஆங்கிலத்தில். மொழியால் ஏதும் வித்தியாசம் உண்டா என்று கேட்டபோது பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் மாணவர்கள் சொன்னார்கள். வகுப்பின் வீடியோவைப் போட்டுக்காட்டிப் பேச்சுக் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆங்கில வகுப்பில் கேள்வி கேட்பது குறைந்திருந்தது, பதில் சொல்வதும்தான். குறிப்பெடுப்பதில் கவனம் போனவர்களுக்கு, சொல்லப்படுவதைப் பின்தொடர முடியவில்லை. இந்த ஆய்வில் என்னை நெடுநேரம் நிறுத்தியது அந்த முதல் பதில்தான். ஒன்றும் குறையவில்லை என்று அவர்கள் மனதார நம்பினார்கள். கேட்காமல் விட்ட கேள்வியை யார் கணக்கில் வைத்திருக்கிறார்கள்?

எனக்கும் ஒரு பலகைக் காட்சி உண்டு. மூன்று பேர் சேர்ந்து செய்யும் வீட்டுப்பாடம், இரண்டு டச்சுத் தோழர்களும் நானும். ஒரு தாழ்நிலத்துக்கு எத்தனை திறனுள்ள பம்ப் வேண்டும் என்ற கணக்கு. விடை பொருந்தவில்லை. அரை மணி நேரம் மூவரும் மரியாதையான ஆங்கிலத்தில் தேங்கி நின்றோம். திடீரென்று ஒருத்தி டச்சுக்கு மாறினாள். அடுத்தவன் கத்தினான். இவள் பலகையில் பாதியை அழித்தாள், அவன் அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினான், இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், "வாய்க்கால் நீர்மட்டத்தை மாறாததுன்னு எடுத்திருந்தோம். அது தப்பு. இப்ப சரியா வருது" என்றார்கள். ஐந்து நிமிடச் சண்டைக்கு எனக்குக் கிடைத்தது மூன்று வாக்கியம். விடை எனக்கும் வந்து சேர்ந்தது. அந்தச் சண்டை வரவில்லை, படிப்பு என்பதே அந்தச் சண்டைதான்.

இதையெல்லாம் யாரிடமாவது சொன்னால் தவறாமல் ஒரு பதில் வரும்: "பல்கலைக்கழகம்னா எப்பவுமே ஒரு பொது மொழிதானே? அப்ப லத்தீன், இப்ப ஆங்கிலம்." பாதி உண்மை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் லத்தீனில் நடந்தவைதான். 1687இல் லைப்சிக்கில் கிறிஸ்டியான் தொமாசியஸ் தன் விரிவுரைக்கான அறிவிப்பை ஜெர்மன் மொழியில் ஒட்டியபோது அதுவே ஒரு கலகமாகப் பார்க்கப்பட்டது. ஆனால் அன்று லத்தீன் வகுப்பில் உட்கார்ந்திருந்த எவருக்கும் அது தாய்ப்பால் மொழி இல்லை. எல்லோரும் சமமாகத் திணறினார்கள். இன்று அப்படியில்லை, பந்தயம் தொடங்கும் முன்பே சிலர் பாதித் தூரம் போயிருக்கிறார்கள்.

லத்தீன் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கணித அறிஞரும் பொறியாளருமான சைமன் ஸ்டெவின். 1600இல் லைடன் நகரில் பொறியாளர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கியது. அங்கே பாடமொழி டச்சு, பாடத்திட்டம் வகுத்தவர் ஸ்டெவின். கோட்டை கட்டுபவனும் நிலம் அளப்பவனும் லத்தீன் கற்கும்வரை காத்திருக்க முடியாது என்பதுதான் நடைமுறைக் காரணம். சொல் இல்லாத இடத்தில் ஸ்டெவின் சொல் உண்டாக்கினார். கணிதத்துக்கு அவர் போட்ட பெயர் 'விஸ்குண்ட'. உறுதியானதைப் பற்றிய அறிவு என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். சுற்றிலும் உள்ள மொழிகளெல்லாம் கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லையே வைத்துக்கொண்டிருக்க, டச்சுப் பிள்ளைகள் இன்றும் பள்ளியில் படிப்பது விஸ்குண்ட. அதே நாட்டில் அந்தப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் அந்தச் சொல்லை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதற்கு 'புல இழப்பு' என்று பெயர் வைத்து வெகுகாலமாகப் பேசிவருகிறார்கள். மொழி சாகாது. சமையலறையிலும் சந்தையிலும் பாட்டிலும் நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு துறையாக அதன் கையிலிருந்து நழுவும், அவ்வளவுதான்.

இதை நீதிமன்றம்வரை கொண்டுபோனவர்கள் இத்தாலியில் மிலான் பொறியியல் பல்கலைக்கழக ஆசிரியர்கள். 2012இல் அதன் தலைவர் (ரெக்டர்) ஜோவன்னி அட்சோனே ஓர் அறிவிப்பு செய்தார்: 2014 முதல் முதுநிலையும் முனைவர் படிப்பும் முழுக்க முழுக்க ஆங்கிலத்தில். நூறு ஆசிரியர்கள் அளவில் திரண்டு வழக்குப் போட்டார்கள். அவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதி வாழ்கிறவர்கள். 2013இல் வட்டார நிர்வாக நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. வழக்கு மேலே போய், 2017இல் அரசியல் சாசன நீதிமன்றம் தன் 42ஆம் எண் தீர்ப்பைச் சொன்னது. ஆங்கிலத்தில் படிப்புகள் இருக்கலாம், ஆனால் இத்தாலிய மொழியை முழுப் படிப்புகளிலிருந்து வெளியேற்ற முடியாது, பன்னாட்டுமயம் என்ற பெயரில் நாட்டின் மொழியை ஓரங்கட்டக் கூடாது. 2018 ஜனவரியில் உச்ச நிர்வாக மன்றமும் பேராசிரியர்கள் பக்கமே நின்றது. தமிழில் சொன்னால் சின்ன விஷயம்தான்: ஆங்கிலமும் இருக்கட்டும், ஆங்கிலம் மட்டும் என்பது வேண்டாம். இந்த 'உம்'முக்காக ஐந்தாறு வருடம் வழக்காட வேண்டியிருந்தது.

மற்ற இடங்களில் கதை ஊஞ்சல்தான். நெதர்லாந்தில் 1990 வாக்கில் கல்வி அமைச்சர் யோ ரிட்சன் பல்கலைக்கழகங்களை ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்றபோது எழுந்த எதிர்ப்பின் சூட்டில்தான் நான் மேலே சொன்ன சட்டப்பிரிவு வந்தது. (அவர் பின்னால் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். நாட்டிலேயே ஆங்கிலம் வெகுவாக ஓங்கிய பல்கலைக்கழகங்களில் ஒன்று அது. அமைச்சராக முடியாததை அங்கே முடித்தார் என்று சொல்லலாம்.) 2023இல் இன்னொரு அமைச்சர், ராபர்ட் டைக்ராஃப், இளநிலைப் படிப்பில் மூன்றில் இரண்டு பங்காவது டச்சில் இருக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அதற்கு முன் பத்து வருடம் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இயற்பியலாளர் அவர். டென்மார்க் 2021இல் ஆங்கிலவழி இடங்களை வெட்டியது, 2023இல் மறுபடி முதுநிலை இடங்களைக் கூட்ட முடிவெடுத்தது. கத்தார் 2012இல் தன் தேசியப் பல்கலைக்கழகத்தில் சட்டம், வணிக மேலாண்மை போன்ற துறைகளை ஆங்கிலத்திலிருந்து அரபுக்கே திருப்பியது. இந்த விவாதங்களில் மொழி என்ற சொல்லுக்கு அடியில் வேறு என்னென்னவோ ஒளிந்திருக்கும். நான் இருந்த ஊரில் மொழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் இரண்டே நிமிடத்தில் வாடகை வீடு கிடைக்காததைப் பற்றிப் பேசினார்கள். அந்த வீடு கிடைக்காததற்கும் விதிவிலக்குகள்தான் காரணம் என்பது முகத்தில் தெரியும். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு யாரும் நாகரிகம் இல்லாதவர்கள் அல்ல.

இதைப் படித்துவிட்டு நான் ஆங்கிலவழியை எதிர்க்கிறேன் என்று நினைத்தால், எந்த முகத்தோடு எதிர்ப்பது? அது இல்லாவிட்டால் நான் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே போயிருக்க முடியாது. டச்சு கற்றுக்கொண்டு வா என்றிருந்தால் வேறு எங்காவது போயிருப்பேன், அல்லது எங்குமே போயிருக்க மாட்டேன். வகுப்புக்கு வெளியே துருக்கி, வியட்நாம், பெரு என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் ஒரே உடைந்த ஆங்கிலத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்த ஆங்கிலம் யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. ஒரு கருத்தரங்கில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் பேச வந்தார். வேகமும் மரபுத்தொடரும் உள்ளூர் நகைச்சுவையுமாகப் பொழிந்துவிட்டுப் போனார். ஆங்கிலக் கருத்தரங்கில் அன்று யாருக்கும் புரியாமல் போன ஒரே பேச்சு அதுதான்.

ஆனால் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையாவது பார்க்க வேண்டாமா? 2023இல் தத்சுயா அமானோ குழுவினர் எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் அறிவியலாளர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களின் கட்டுரைகள் மொழிக் காரணத்துக்காக நிராகரிக்கப்படுவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் என்று வந்தது. ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி வரும் கடிதங்களோ பன்னிரண்டு மடங்குக்கும் மேல். பொது மொழி என்ற பாலத்துக்குச் சுங்கம் உண்டு, அதை ஒரு கரைக்காரர்கள் மட்டுமே கட்டுகிறார்கள்.

தொஷிஹிதே மஸ்காவா நினைவுக்கு வருகிறார். 2008இல் இயற்பியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர். அதுவரை பாஸ்போர்ட்டே எடுக்காதவர். ஸ்டாக்ஹோம் மேடையில், மன்னிக்கவும், எனக்கு ஆங்கிலம் பேச வராது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு, நோபல் உரை முழுவதையும் ஜப்பானிய மொழியில் நிகழ்த்தினார். அவருக்குப் பரிசு வாங்கித் தந்த 1973ஆம் ஆண்டுக் கட்டுரை ஆங்கிலத்தில்தான் வெளியானது. யோசித்தது ஜப்பானிய மொழியில், அறிவித்தது ஆங்கிலத்தில். அந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகவே படுகிறது. சிக்கல் என்னவென்றால், இப்போதைய ஏற்பாடு யோசிப்பதையும் ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறது, அதுவும் பதினெட்டு வயதிலிருந்தே.

கடைசி வாரம் களப்பயணம். காற்று காதைப் பிய்த்துக்கொண்டு போனது. ஆற்றுக்கரையின் அடிவாரத்தில் ஒரு குறுகிய வாய்க்கால், தண்ணீர் துருப்பிடித்த ஆணி நிறத்தில். மேலே எண்ணெய் சிந்தியதுபோல ஒரு வானவில் படலம். பேராசிரியர் ஒரு குச்சியைப் பொறுக்கிப் படலத்தைக் கிளறினார். எண்ணெயாக இருந்தால் வழுக்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துவிடும். இது கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து தனித்தனியாக மிதந்தது. ஆற்றிலிருந்து கரைக்கு அடியில் நுழைந்து, மண்ணின் இரும்பையும் கரைத்துக்கொண்டு இந்தப் பக்கம் மேலே வரும் தண்ணீர். குனிந்தபடியே, நான் இருப்பதை மறந்து, "க்வெல்" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து அவசரமாக, "அப்வர்ட் சீபேஜ்" என்றார்.

"எங்களிடமும் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, பத்து வாரமாக எனக்கே தோன்றாதது. கீழேயிருந்து வந்தால் ஊறுகிறது. மணலுக்குள் இறங்கிக் காணாமல் போனால் சுவறுகிறது. அம்புக்குறி தேவையில்லை, முன்னொட்டும் தேவையில்லை. இரண்டையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். 'ஊறல்' அவருக்கு உடனே வந்துவிட்டது. சுவறலின் றகரம் மட்டும் நாலு தடவை போராடியும் வரவில்லை. பதினொரு பேரும் சுற்றி நின்று முயன்று பார்த்தார்கள். அவர்கள் வெக்சைஹிங்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அந்தத் தொண்டை ஹகரம் வரவில்லை. இருபது நிமிடம் அந்த வாய்க்கால் ஓரத்தில் ஒரு வகுப்பு நடந்தது. அந்தப் பாடத்திலேயே நான் அதிகம் கேள்வி கேட்ட வகுப்பு அதுதான்.

என் முதுநிலை ஆய்வேட்டின் கோப்பு இன்னும் மடிக்கணினியில் இருக்கிறது. இதை எழுதும்போது திறந்து தேடிப் பார்த்தேன். அப்வர்ட் சீபேஜ், 61 இடங்களில். க்வெல் ஒரே இடத்தில், நன்றியுரையில். ஊறல் எங்கும் இல்லை.